பழைய ஃபியூஸ் போர்டை மாற்ற மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன், ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பழையவீடு:
வணக்கம். எங்கள் வீட்டுக்கு 35 வயது. மெயின் சுவிட்ச் 32 ஆம்ப். அதற்குக் கீழே மரப்பலகையில் ஆறு ஃபியூஸ் கட்டைகள். கட்டிய காலத்தில் பல்பும் ஃபேனும் ஒரு டிவியும்தான் இருந்தன, அதற்கு இது தாராளம். இப்போது இரண்டு ஏசி, ஹீட்டர், வாஷிங் மெஷின் எல்லாம் சேர்ந்துவிட்டன. இன்டக்‌ஷன் அடுப்பும் வாங்கப் போகிறோம். ஓரிரு வருடத்தில் மின்சாரக் கார் வாங்கும் எண்ணமும் இருக்கிறது. போன மாதம் ஒரு ஃபியூஸ் கட்டை கருகி நாற்றம் அடித்ததும் பயம் வந்துவிட்டது.

மூன்று எலக்ட்ரீஷியன்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதலாமவர் சொன்ன தொகையைப் போல இரண்டரை மடங்கு கேட்கிறார் இரண்டாமவர். மூன்றாமவர் கேட்பது ஐந்து மடங்குக்கும் மேல். மூன்று பேருமே "டி.பி. மாற்றும் வேலை" (டி.பி. என்றால் வீட்டுக்குள் மின்சாரம் பிரிந்து போகும் பெட்டி) என்றுதான் எழுதியிருக்கிறார்கள். மலிவானவரை நம்புவதா, இல்லை விலை கூடினால்தான் வேலை நன்றாக இருக்குமா? யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும்.

மின்கம்பி:
22 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று பேரும் ஒரே வேலைக்கு விலை சொல்லவில்லை. காகிதத்தில் தலைப்பு மட்டும்தான் ஒன்று. முதலாமவர் பலகையைக் கழற்றிவிட்டுப் பெட்டியும் எம்.சி.பி.யும் (கரண்ட் அளவு மீறினால் தானே விழுந்து சப்ளையை வெட்டும் பிரேக்கர்) மாட்டித் தருவார். இரண்டாமவர் மீட்டரிலிருந்து வரும் மெயின் கேபிள், எர்த், ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் விழுந்து சப்ளையை வெட்டும் கருவி) எல்லாவற்றையும் சேர்த்திருப்பார். மூன்றாமவர் மூன்று பேஸுக்கு மாற்றி, வீட்டு வயரிங்கிலும் கை வைக்கப் போகிறார். விவரத்தைப் போடுங்கள், என் ஊகம் சரியா என்று பார்ப்போம்.

பெட்டியும் அதற்குள் இருக்கும் பிரேக்கர்களும் மொத்தச் செலவில் சின்னப் பங்குதான். பெட்டிக்கு முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் பில்லைத் தீர்மானிக்கும்.

பழையவீடு:
நீங்கள் சொன்னது அப்படியே சரியாக இருக்கிறது அண்ணா. முதல் கொட்டேஷன் ஒரே வரி. இரண்டாவதில் 16 சதுர மி.மீ. மெயின் கேபிள் 20 மீட்டர், புது எர்த், 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி., சர்ஜ் காப்பான் (திடீரென ஏறும் வோல்ட்டேஜைத் தடுப்பது) என்று பிரித்து எழுதியிருக்கிறார். மூன்றாவதில் மூன்று பேஸ், வீடு முழுக்க மறு வயரிங். மெயின் கேபிளை ஏன் மாற்ற வேண்டும்? இப்போது இருப்பது 6 சதுர மி.மீ. செம்பு. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

மின்கம்பி:
6 சதுர மி.மீ. செம்பு, சுவரில் பைப்புக்குள் போனால் ஏறத்தாழ 40 ஆம்ப் வரை தாங்கும். 32 ஆம்ப் மெயினுக்கு அது போதும். மெயினை 50க்கோ 63க்கோ உயர்த்திவிட்டுக் கேபிளை அப்படியே விட்டால், கேபிள் சூடாகி இன்சுலேஷன் வேகும், பிரேக்கர் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். பிரேக்கர் இருப்பது வயரைக் காப்பாற்ற. இது புரியாததால்தான் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று 16 ஆம்பைக் கழற்றி 32 போடச் சொல்கிறார்கள். அப்படிக் கேட்டவர்களிடம் முடியாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இன்னொன்று. 32 ஆம்ப் எம்.சி.பி. என்றால் 33 ஆம்பில் விழுந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். விழாது. வீட்டு எம்.சி.பி.க்கான ஐ.இ.சி. என்ற சர்வதேசத் தரப்படி 1.13 மடங்கு வரை, அதாவது 36 ஆம்ப் வரை, ஒரு மணி நேரத்துக்கு அது விழக்கூடாது. 1.45 மடங்கு, அதாவது 46 ஆம்ப் போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். வெப்பம் கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், அந்த ஒரு மணி நேரமும் வயரில் இரண்டு மடங்கு வெப்பம். புது வயர் அதைத் தாங்கிவிடும். 35 வருட இன்சுலேஷன் தாங்குமா என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

கேபிள் விலை ஏன் அவ்வளவு என்று கேட்பீர்கள். செம்பை எடை போட்டுப் பாருங்கள். 16 சதுர மி.மீ. வயர் ஒரு மீட்டரில் 143 கிராம் செம்பு. போக வர 40 மீட்டர் என்றால் 5.7 கிலோ. 6 சதுர மி.மீ. என்றால் 2.1 கிலோதான். செம்பு விலை ஏறினால் கொட்டேஷனும் ஏறும், அதில் எலக்ட்ரீஷியன் செய்ய ஒன்றுமில்லை.

இரண்டாம்தளம்:
நான் அனுபவப்பட்டதைச் சொல்கிறேன், உங்களுக்கும் நடக்கக் கூடாது. எங்கள் வீட்டில் புதுப் பெட்டி போட்டு, இரண்டு ஆர்.சி.சி.பி. வைத்து வீட்டை இரண்டாகப் பிரித்தார்கள். சுவிட்சைப் போட்டதும் ஒன்று விழுந்தது. தூக்கிவிட்டால் மாடிப்படி விளக்கைப் போடும்போது திரும்ப விழுகிறது. அவர்கள் பழைய ஃபியூஸ் போர்டைக் கழற்றி எடுத்தும் போய்விட்டார்கள். இரண்டு நாள் பாதி வீடு இருட்டில் கிடந்தது. கடைசியில் கண்டுபிடித்தது இதுதான்: மாடிப்படி விளக்குக்குப் பேஸ் கீழ்த்தளச் சர்க்யூட்டிலிருந்தும் நியூட்ரல் மேல்தளச் சர்க்யூட்டிலிருந்தும் எடுத்திருக்கிறார்கள். ஃபியூஸ் கட்டை காலத்தில் அது வெளியே தெரியவே இல்லை. அதைத் தேடிய இரண்டு நாளுக்கும் தனிக் கூலி கொடுத்தோம், சுவரை இரண்டு இடத்தில் உடைத்தோம். முதலில் பேசிய தொகையில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் போனது.

மின்கம்பி:
அக்கா சொன்னதுதான் இந்த வேலையில் எங்களுக்கே பயமான இடம். ஆர்.சி.சி.பி. செய்வது ஒரே வேலை, பேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று எடுத்துக்கொண்டு விழும். நியூட்ரலைப் பக்கத்துச் சர்க்யூட்டிலிருந்து கடன் வாங்கியிருந்தால் உண்மையில் கசிவே இல்லாவிட்டாலும் அதற்குக் கசிவு மாதிரிதான் தெரியும். ஒரே ஆர்.சி.சி.பி. போட்ட வீட்டில் இந்தத் தகராறு வராது. ஆனால் நியூட்ரல் எங்காவது எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதுவும் விழும்.

அதனால் விலை பேசுவதற்கு முன்பே சோதனை செய்யச் சொல்லுங்கள். சப்ளையை நிறுத்தி, சாமான்களின் பிளக்கை எல்லாம் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு சர்க்யூட்டையும் 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) பார்க்க வேண்டும். 1 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் அந்தச் சர்க்யூட் தேறாது. நல்ல வயரிங் நூற்றுக்கணக்கில் காட்டும். 2, 3 என்று காட்டினால் தேறியது என்று விட்டுவிடாமல் ஏன் குறைந்தது என்று தேட வேண்டும். அரை நாள் வேலை. அதற்குத் தனியாகக் காசு கேட்டாலும் கொடுங்கள், பிறகு வரும் சண்டை மிச்சம்.

பழையவீடு:
சோதனை பற்றி மூன்று பேருமே பேச்செடுக்கவில்லை. இரண்டாமவரிடம் கேட்கிறேன். இன்னொரு சந்தேகம். செலவைக் குறைக்க ஆர்.சி.சி.பி.யை மட்டும் விட்டுவிடலாமா? எம்.சி.பி.தான் இருக்கிறதே என்று வீட்டில் கேட்கிறார்கள்.

மின்கம்பி:
தம்பி, வேறு எதில் வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளுங்கள், இதில் வேண்டாம். 16 ஆம்ப் எம்.சி.பி. என்றால் 16,000 மில்லிஆம்ப். ஒரு மனிதனின் உடம்பு வழியாகச் சில பத்து மில்லிஆம்ப் தொடர்ந்து போனாலே இதயம் தடுமாறும். எம்.சி.பி.க்கு அது ஒரு சின்ன பல்பு எரிகிற மாதிரி, கண்டுகொள்ளவே செய்யாது. 30 மில்லிஆம்ப் என்ற எண் எங்கள் வசதிக்காக வைத்தது இல்லை. எவ்வளவு கரண்டில் பிடித்த கையை விட முடியாமல் போகிறது, எவ்வளவில் இதயம் நிற்கிறது என்று ஆராய்ந்தவர் சார்லஸ் டால்சியல் என்ற பேராசிரியர். 1961-இல் கசிவைக் கண்டு சப்ளையை வெட்டும் கருவி ஒன்றை அவரும் உருவாக்கினார். ஹீட்டரும் வாஷிங் மெஷினும் ஈரமான இடத்தில்தான் இருக்கின்றன. ஆர்.சி.சி.பி. இல்லாத பெட்டியை நான் யாருக்கும் போட்டுத் தருவதில்லை.

கணக்குப்பிள்ளை:
நான் கட்டட வேலைகளுக்கு மதிப்பீடு போடுபவன். கருவிகளைப் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார், காகிதத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஒரே வரி கொட்டேஷன் மலிவாகத் தெரியும், அதோடு நிற்காது. வேலை பாதியில் இருக்கும்போது "இது அதில் வரவில்லை" என்பார்கள். அப்போது பழைய பலகை சுவரில் இருக்காது, உங்களால் வேறு ஆளைக் கூப்பிடவும் முடியாது. எனவே மூன்று பேருக்கும் ஒரே பட்டியலைக் கொடுத்து அதற்கு விலை கேளுங்கள். மெயின் கேபிளின் அளவும் நீளமும், எத்தனை சர்க்யூட், பிரேக்கரின் உடைப்புத் திறன் (ஷார்ட் ஆனால் எவ்வளவு கரண்டை வெட்ட முடியும் என்பது) 6 கிலோஆம்பா 10 கிலோஆம்பா, எர்த் யார் பொறுப்பு, சுவரை வெட்டினால் பூசித் தருவது யார், மின் வழங்குவோரிடம் விண்ணப்பமும் கட்டணமும் யார் கணக்கு, முடிந்ததும் சோதனை அறிக்கை உண்டா. பூச்சும் பெயின்டும் எந்தக் கொட்டேஷனிலும் இருக்காது, ஆனால் கடைசியில் செலவு வரும்.

எதிர்பாராத வேலை வந்தால் ஒரு பாயின்டுக்கு எவ்வளவு, ஒரு மீட்டர் வயருக்கு எவ்வளவு, ஒரு நாள் கூலி எவ்வளவு என்று முன்பே எழுதி வாங்குங்கள். நான் பார்த்தவரை சண்டை வருவது மொத்தத் தொகையால் இல்லை, இந்த மூன்றையும் எழுதி வாங்காமல் விடுவதால்தான்.

வாடகைவீடு:
குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். நான் வாடகைக்கு இருக்கிறேன். எங்கள் வீட்டிலும் ஃபியூஸ் கட்டைதான். அடிக்கடி போகிறது. கொஞ்சம் தடித்த கம்பியாகப் போட்டால் நிற்குமா?

மின்கம்பி:
நிற்கும். அடுத்து சுவருக்குள் இருக்கும் வயர் ஃபியூஸ் மாதிரி எரியும். தயவுசெய்து செய்யாதீர்கள். எந்தச் சாமானைப் போடும்போது போகிறது என்று குறித்து வைத்து வீட்டுக்காரரிடம் எழுத்தில் கொடுங்கள். அதுவரை பெரிய சாமான்கள் இரண்டை ஒரே சர்க்யூட்டில் ஒன்றாகப் போட வேண்டாம்.

சூரியத்தகடு:
பழையவீடு நண்பருக்கு: மூன்று பேஸ் உங்களுக்கு உண்மையிலேயே தேவையா? எங்களுக்கும் கார் வந்தபோது எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். 7.4 கிலோவாட் சார்ஜர், 230 வோல்ட்டில் 32 ஆம்ப். அது மட்டுமே மெயினை முழுக்க நிரப்பிவிடும் என்பது உண்மைதான். ஆனால் காருக்கு அந்த வேகம் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

10 ஆம்பில் இரவு எட்டு மணி நேரம் போட்டால் 18 யூனிட். கார் நூறு கிலோமீட்டர் போக ஏறத்தாழ அவ்வளவுதான் வேண்டும். நான் ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர்கூட ஓட்டுவதில்லை. கடைசியில், மெயின் வயரில் ஒரு கரண்ட் அளக்கும் வளையம் மாட்டி அதைப் பார்த்துத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் சார்ஜரை வாங்கினேன். ஹீட்டரும் ஏசியும் ஓடும்போது சார்ஜர் 6 ஆம்புக்கு இறங்கிவிடும், அதற்கும் இடமில்லை என்றால் நின்றுவிடும். எல்லோரும் தூங்கியதும் ஏறும். சார்ஜருக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தேன், ஆனால் மூன்று பேஸுக்கான செலவு முழுவதும் மிச்சமானது. முதலில் உங்கள் வீட்டு உச்ச லோடு எவ்வளவு என்று அளந்து பாருங்கள்.

பழையவீடு:
சாமான்களை எல்லாம் கூட்டிப் பார்த்தேன். ஏசி இரண்டும் 3 கிலோவாட், ஹீட்டர் 2, வாஷிங் மெஷின் 2, அயர்ன் பாக்ஸ் 1, மோட்டார் முக்கால், மற்றவை சேர்த்து அரைக்கு மேல், வரப்போகும் இன்டக்‌ஷன் 2. மொத்தம் 11 கிலோவாட்டுக்கு மேல், அதாவது 49 ஆம்ப். மூன்றாமவரும் இந்தக் கணக்கைக் காட்டித்தான் மூன்று பேஸ் என்றார்.

மின்கம்பி:
கூட்டல் சரி, ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஹீட்டர் தண்ணீர் சுட்டதும் நின்றுவிடும். வாஷிங் மெஷின் சூடாக்கும் நேரம் மட்டும்தான் 2 கிலோவாட் இழுக்கும். காருக்கு மட்டும் இப்படிக் குறைத்துக் கணக்குப் போடக் கூடாது, அது மணிக்கணக்கில் நிற்காமல் இழுக்கும். சூரியத்தகடு சொன்னது மாதிரி அளந்துவிடுங்கள். பதிவு செய்யும் கிளாம்ப் மீட்டர் ஒன்றை எலக்ட்ரீஷியனை வைத்து மெயின் வயரில் ஒரு வாரம் மாட்டினால் போதும். வெயில் காலத்து வாரமாகப் பாருங்கள்.

மூன்று பேஸ் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லோடு உண்மையிலேயே பெரிதாக இருந்தால் அதுதான் சரி, ஒவ்வொரு வயரிலும் கரண்ட் குறையும். ஆனால் அதில் நியூட்ரல் தளர்ந்தால் ஒரு பேஸில் இருக்கும் சாமானுக்கு 230க்குப் பதில் 400 வோல்ட் வரை ஏறக்கூடும். ஒரு ஸ்க்ரூ சரியாக முறுக்கப்படாமல் ஒரு வீட்டில் ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் ஒன்றாகப் போனதை நேரில் பார்த்திருக்கிறேன். மூன்று பேஸ் போட்டால், வோல்ட்டேஜ் ஏறும்போது வெட்டும் கருவியும் சேர்த்துப் போட வேண்டும், அந்தச் செலவும் கணக்கில் வரும்.

இரண்டாம்தளம்:
தனித்தனி சர்க்யூட்டுக்கு ஆர்.சி.பி.ஓ. (எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒன்றாகச் சேர்ந்தது) போடுவது பற்றியும் சொல்லுங்கள். எங்களுக்கு அதைத்தான் பிறகு பரிந்துரைத்தார்கள். விலை கேட்டதும் விட்டுவிட்டோம்.

மின்கம்பி:
நல்ல கேள்வி அக்கா. 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. சரியாக 30-இல் விழாது, 15க்கும் 30க்கும் நடுவில் எங்கும் விழலாம். கம்ப்யூட்டர், எல்இடி, இன்வர்ட்டர் ஏசி எல்லாமே இயல்பாகக் கொஞ்சம் கசியும். எல்லாம் கூடி 9 மில்லிஆம்புக்குள் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டல். வீடு முழுவதற்கும் ஒன்றே ஒன்று போட்டால் ஒரு ஹீட்டர் கோளாறில் மொத்த வீடும் இருட்டாகும். எல்லாச் சர்க்யூட்டுக்கும் ஆர்.சி.பி.ஓ. போட முடியாவிட்டால் ஹீட்டர், வாஷிங் மெஷின், வெளிப்புற பாயின்ட் மூன்றுக்கு மட்டும் தனியாகப் போட்டு மற்றவற்றை ஒரு ஆர்.சி.சி.பி.யில் விடலாம். நான் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறேன். கார் சார்ஜருக்கு எப்போதும் தனி, சார்ஜருக்குள் நேர்மின் (டி.சி.) கசிவைப் பார்க்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்தக் கசிவையும் பார்க்கும், விலை கூடிய வகை ஆர்.சி.சி.பி.தான் போட வேண்டியிருக்கும்.

கணக்குப்பிள்ளை:
ஒரு சின்ன விஷயம். பெட்டியில் நாலைந்து இடம் காலியாக விட்டு வாங்குங்கள். பெரிய பெட்டிக்கும் சின்னப் பெட்டிக்கும் விலை வித்தியாசம் கொஞ்சம்தான். பிறகு இடமில்லாமல் இன்னொரு பெட்டி மாட்டினால் கூலி இரண்டாவது முறை.

பழையவீடு:
இரண்டு மாதம் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வார அளவீட்டில் உச்சம் 27 ஆம்ப், அதுவும் ஒரே ஒரு மாலை, பத்து நிமிடம். இன்டக்‌ஷன் சேர்ந்தால் 36 வரும். ஆக 32 ஆம்ப் மெயின் போதாது, மூன்று பேஸும் தேவையில்லை. மின் வழங்குவோரிடம் கூடுதல் லோடுக்கு விண்ணப்பித்து, ஒற்றை பேஸிலேயே 16 சதுர மி.மீ. கேபிள் இழுத்தோம். இரண்டாமவர்தான் செய்தார். சோதனை பற்றிக் கேட்டதும் முகம் சுளிக்காமல் மெகரை எடுத்துக்கொண்டு வந்தார், அதனாலேயே அவரை முடிவு செய்தேன். முதலாமவர் "பழைய வயரெல்லாம் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார்.

ஆறு சர்க்யூட்டில் ஐந்து தேறியது. சமையலறைச் சர்க்யூட் அரை மெகாஓம்கூடக் காட்டவில்லை. திறந்து பார்த்தால் எர்த் வயரே இல்லை, இன்சுலேஷன் விரல் பட்டாலே உதிர்ந்தது. இன்டக்‌ஷன் வரப்போகும் இடமே அதுதான் என்பதால் அங்கே மட்டும் முழுசாக மறு வயரிங். ஒப்பந்தத்தில் மீட்டர் விலை எழுதியிருந்ததால் பேச்சே வரவில்லை. மொத்தத்தில் பேசிய தொகைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு ஆனது. பில்லைப் பிரித்துப் பார்த்தேன். பெட்டி, எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., இரண்டு ஆர்.சி.பி.ஓ. எல்லாம் சேர்த்தும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவு. மீதி கேபிள், எர்த், கூலி, விண்ணப்பக் கட்டணம். கணக்குப்பிள்ளை சொன்ன பூச்சு வேலைக்கும் தனியாகத்தான் போனது.

கழற்றிய மெயின் சுவிட்சின் பின்பக்கத்தைப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. நியூட்ரல் ஸ்க்ரூ தளர்ந்து அதைச் சுற்றி பேக்கலைட் கருகிப் பொடிந்திருந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

இரண்டாம்தளம்:
நல்ல நேரத்தில் மாற்றினீர்கள். படிக்கும்போதே மனம் பதறுகிறது.

மின்கம்பி:
சந்தோஷம் தம்பி. சோதனை அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள், கார் வரும்போது அடுத்த ஆளுக்கு அது வேலையைப் பாதியாக்கும். எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று கதவுக்குள் எழுதி ஒட்டினாரா? சர்ஜ் காப்பானில் சின்ன ஜன்னல் இருக்கும், பச்சை மாறிச் சிவப்பானால் அதை மாற்ற வேண்டும். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அழுத்துங்கள். விழவில்லை என்றால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

பழையவீடு:
ஒட்டியிருக்கிறார் அண்ணா, அறை வாரியாக. ஜன்னல் பச்சை. டெஸ்ட் பட்டனை இப்போதுதான் அழுத்தினேன், உடனே விழுந்தது. அடுத்து அழுத்த வேண்டிய தேதியை அந்தப் பட்டியலுக்குக் கீழேயே எழுதிவிட்டேன்.